கிஸ்தியும் கிஸ்ஸாவும்

‘கிஸ்தி’ என்ற சொல்லைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. கட்டபொம்மன் படம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வசூல், பாக்கி, வக்கீல், நகல், தாலுகா, மராமத்து எல்லாம் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை. அரபியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக நவாபுகளின் கச்சேரிக்கு வந்து, கும்பினியார் கணக்கில் ஏறி, நம் வாசல் வரை வந்து தங்கிவிட்ட சொற்கள். அவற்றைக் கொண்டுவந்தது அதிகாரம்.

அதே அரபியிலிருந்து எவருடைய ஆணையும் இல்லாமல் வந்த சொல் கிஸ்ஸா. கதை என்று பொருள். தமிழில் ஓர் இலக்கிய வகைக்கே அது பெயராக நின்றது. வரி கேட்டு வந்த சொல்லை வைத்துக்கொண்டு, கதை சொல்ல வந்த சொல்லை நாம் கைவிட்டோம். இதை ஒரு பெரும் இழப்பாகவே நான் கருதுகிறேன்.

‘கஸ்ஸ’ என்ற அரபி வேருக்குத் தடம் பார்த்துப் பின்தொடர்தல் என்ற பொருள் உண்டு. மணலில் பதிந்த காலடியைப் பார்த்துப் பார்த்து நடப்பது. குர்ஆனிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. குழந்தை மூசாவைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட தாய், அவன் போகும் வழியே பின்தொடர்ந்து போகும்படி மகளிடம் சொல்லும் இடத்தில் வருவது இந்த வினைதான். அந்த 28-ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அல்-கஸஸ்’. யூசுப் நபியின் வரலாற்றைச் சொல்லும் 12-ஆம் அத்தியாயமோ, தான் சொல்லப்போவதைக் கதை சொல்லுதலிலேயே மிக அழகியது என்று தொடங்குகிறது. நடந்ததை அடிபிசகாமல் தொடர்ந்து சொல்வதே இந்த மொழியில் கதையாயிற்று.

வேதத்தில் இடம்பெற்ற சொல்லாயினும், அதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு நிம்மதி இருக்கவில்லை. பள்ளிவாசலிலும் தெருமுனையிலும் உட்கார்ந்து நபிமார்களின் கதைகளைச் சொன்னவர்களுக்குக் ‘குஸ்ஸாஸ்’ என்று பெயர். கூட்டம் சேரச் சேரக் கதை நீண்டது. கற்றவர்கள் முகம் சுளித்தார்கள். 892-இல் பாக்தாதில், கதைசொல்லிகளும் சோதிடர்களும் தெருவிலோ பெரிய பள்ளிவாசலிலோ உட்காரக் கூடாது என்று அறிவிப்புச் செய்யப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்னுல் ஜவ்ஸி இவர்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். 1505-இல் மறைந்த சுயூத்தி, இவர்கள் கட்டிவிடும் பொய்களைக் குறித்து எச்சரித்து இன்னொரு நூல் எழுதினார். தடையும் கண்டனமும் இத்தனை நூற்றாண்டு தொடர வேண்டியிருந்ததென்றால், கேட்கும் கூட்டம் கலையவே இல்லை என்றுதானே பொருள்?

அந்தக் கூட்டம்தான் சொல்லை ஊர் ஊராகக் கடத்தியது. பாரசீகம் ‘கிஸ்ஸா’வோடு ‘கான்’ என்ற தன் விகுதியைச் சேர்த்துக் கதை படிப்பவனுக்குப் பெயர் வைத்தது. பெஷாவரில் அவர்கள் பெயரால் ஒரு கடைத்தெருவே இருக்கிறது, கிஸ்ஸா கவானி பஜார். 1930 ஏப்ரல் 23 அன்று கான் அப்துல் கபார் கானின் தொண்டர்கள் மீது வெள்ளை அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது அந்தத் தெருவில்தான். பஞ்சாபில் கிஸ்ஸா நபிமார்களை விட்டுக் காதலர்களிடம் வந்தது. வாரிஸ் ஷா 1766-இல் முடித்த ‘ஹீர்’ முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவருக்கும் சொந்தமான நூல். நாடு பிளவுபட்ட துயரத்தைப் பாட வந்த அம்ரிதா பிரீதம் அழைத்ததும் அந்த வாரிஸ் ஷாவைத்தான்.

கடல் வழியே போன கிளைகள் இன்னும் அழகானவை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சுவாஹிலி மொழி இதைக் ‘கிஸா’ என்று வாங்கியது. அந்த மொழியில் ‘கி’ என்று தொடங்கும் பெயர்கள் பன்மையில் ‘வி’ ஆகும். ஆகவே ஒரு கதை கிஸா, பல கதைகள் விஸா! அரபி வேரின் முதல் எழுத்தையே தன் ஒருமை முன்னொட்டாக எடுத்துக்கொண்டது அந்த மொழி. கடன் வாங்கிய மொழி அடிமையாகிவிடும் என்று அஞ்சுபவர்கள் இந்த ஒரு சொல்லைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

மலாயில் அது ‘கிசா’. அங்கே அதற்குப் புது வாழ்வு தந்தவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. யேமனிலிருந்து வந்த அவருடைய மூதாதை நாகூரில் மணம் செய்துகொண்டவர். மலாக்காவில் கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டியிருந்ததால், அப்துல்லா சிறுவயதில் தமிழும் படிக்க வைக்கப்பட்டார். சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குப் போன பயணத்தை எழுதி 1838-இல் அச்சிட்டபோது அதற்குக் ‘கிசா’ என்றே பெயரிட்டார். தாம் கண்ணால் கண்ட ஊர், ஆறு, மக்கள், உள்நாட்டுச் சண்டை எல்லாம் அந்தக் கிசாவுக்குள் வந்தன. தடம் பார்த்து நடப்பது என்ற பழைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான நூல் ஏது?

தமிழுக்கு வருவோம். யூசுபு நபி கிஸ்ஸா, சைத்தூன் கிஸ்ஸா என்று நூல்கள் பிறந்தன. மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் ஆகியவற்றோடு கிஸ்ஸாவும் முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குச் சேர்த்த புது வகைகளில் ஒன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தது. அதன் மூன்று காண்டங்களுக்கும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று அரபிப் பெயர்கள் இருந்தும், காப்பிய இலக்கணத்துக்குள் அமைந்ததால் அதை ஏற்பதில் தயக்கம் இருக்கவில்லை. கிஸ்ஸாவுக்கு அந்தக் காப்பு இல்லை. பெயரும் அயல், வகையும் புதிது. இலங்கை அறிஞர் ம. மு. உவைஸும் பீ. மு. அஜ்மல் கானும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி வைத்த பிறகும், பொதுவான இலக்கிய வரலாறுகளில் கிஸ்ஸாவுக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

பாக்தாதின் கற்றவர்கள் கதைசொல்லியை ஒதுக்கியது பொய் கலக்கிறான் என்பதற்காக. நாம் ஒதுக்கியது அயல் வாடை என்பதற்காக. வேரைக் கிளறிப் பார்த்துச் சேர்ப்பதானால் வசூலையும் பாக்கியையும் அல்லவா முதலில் வெளியே அனுப்பியிருக்க வேண்டும்? ஒரு மொழியின் செல்வத்தைச் சொல்லின் பிறப்பிடத்தைக் கொண்டு அளப்பது தவறான அளவுகோல். அந்தச் சொல்லை வைத்துத் தமிழன் என்ன செய்தான் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கிஸ்ஸா நூல்களின் பழைய அச்சுப் பிரதிகள் காகிதம் பொடிந்து போவதற்குள் படியெடுக்கப்பட வேண்டும். அரபுத் தமிழில், அதாவது அரபி எழுத்தில் எழுதிய தமிழில், கிடப்பவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அந்தப் படிப்பையும் பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் ஆளுக்கொரு கிஸ்ஸாவை எடுத்துப் பதிப்பித்தாலே போதும். வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒரு பழைய புத்தகம் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள நூலகத்திலாவது கொடுத்து வையுங்கள்.