'அக்செப்ட் ஆல்' அமுக்கினா அது சம்மதமா?



இன்னைக்கு மட்டும் எத்தனை வெப்சைட்ல 'அக்செப்ட் ஆல்' அமுக்கினீங்க? படிச்சுப் பார்த்தா அமுக்கினீங்க? அந்தப் பெட்டி மறைஞ்சா போதும்னுதானே!

குக்கீ என்பது, நீங்கள் போகும் தளம் உங்கள் போனில் விட்டுச்செல்லும் ஒரு சின்னக் குறிப்பு. லாகின் செய்தவரை நினைவில் வைத்துக்கொள்ள அது வேண்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை. சண்டை, அதே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர நிறுவனங்களின் குக்கீயோடுதான். ஒரே நிறுவனம் நூறு தளங்களில் உட்கார்ந்திருந்தால், நூறிலும் நீங்கள் அதே ஆள் என்று கண்டுகொள்ளும். காலையில் நகைக்கடன் வட்டி பார்த்தீர்கள். சாயங்காலம் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால், கடன் ஆப் விளம்பரம் பல்லிளிக்குது. உங்க பணக்கஷ்டம் வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியுதோ இல்லையோ, அவனுக்குத் தெரியும்!

பிரான்ஸில் என்ன செய்தார்கள்? 2022 ஜனவரியில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. குற்றம் இதுதான்: குக்கீயை ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக்.

இங்கே? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். எதிர்த்து வாதாடியது ஒன்றிய அரசு! அதன் பிறகு சட்டம் வரவே 2023 ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தில் நல்ல வாசகங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் கேட்க வேண்டும். தமிழில் படிக்க வழி தர வேண்டும். கொடுத்த சம்மதத்தை அதே அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

ஆனா எப்போ? 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டபோது, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். அதாவது 2027 மே.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கு. தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் கருதித் தரலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவில் இருந்த வாசகத்தை வெட்டும் பிரிவு. அது உடனே அமல்! கம்பெனிக்காரனுக்கு ஒன்றரை வருஷம், கேள்வி கேட்கிறவனுக்கு ஒரு நாள்கூட இல்லை. போதாததற்கு, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு ஒரே அறிவிக்கையில் விலக்கு கொடுக்கும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசே வைத்துக்கொண்டது.

'ஏற்கிறேன்' இருக்கும் அளவிலேயே, பக்கத்திலேயே, தமிழில் 'மறுக்கிறேன்' பொத்தானும் வேண்டும். 2027 வரை காத்திருக்க முடியாது. வெட்டிய வாசகத்தைத் திரும்பச் சேர்.

அதுவரைக்கும் உங்க குரோம் செட்டிங்ஸ்ல 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' எங்கே இருக்குன்னு தேடி பிளாக் பண்ணுங்க. அப்பா, அம்மா போனிலும் பண்ணிக் கொடுங்க.

#என்_தரவு_என்_உரிமை