பிரெஞ்சு எடுக்கலாமா, சாமி?



சென்ற மே மாதத்து ஞாயிறு ஒன்றில் காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு கோவில் முற்றத்திற்கு வந்தோம். நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளுடன் வேப்ப மரத்தடியில் காத்திருந்தார். "தோத்திரம், சாமி" என்றவர், நாம் ஆசி கூறி முடிப்பதற்குள் செய்தியைத் தொடங்கிவிட்டார். மகள் பத்தாம் வகுப்பில் நன்கு தேறியிருக்கிறாள். தமிழில் மட்டும் 100-க்கு 94. தந்தையார் சிங்கப்பூரில் உழைத்து அனுப்பும் பணத்தைக் கொண்டு அவளை நகரத்துப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க எண்ணியிருக்கிறார்கள். "தமிழ் வேண்டாம், பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்று அங்கே சொல்கிறார்கள். எடுக்கலாமா, சாமி?" என்று கேட்டார். மகள் வாய் திறக்கவில்லை. கால் விரலால் மணலைக் கீறிக்கொண்டு நின்றாள்.

இது அந்த ஒரு தாயின் வினா மட்டுமன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில்கூட இன்று பல இல்லங்களில் எழும் வினா. ஆகவே அவரிடம் சொன்னதை உங்கள் அனைவரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமது மாநிலத்தில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. 2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம், படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. ஆனால் மேல்நிலை வகுப்புகளில் முதற்பகுதி மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு போன்ற வேறொரு மொழியைத் தேர்ந்துகொள்ள இடமுண்டு. மதிப்பெண் ஆசை நம் வீட்டுக்குள் நுழைவது இந்த வாயில் வழியாகத்தான்.

முதலில் அந்த ஆசையையே எடை போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையின் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடத்தின் ஒரு மதிப்பெண்கூட அதில் சேராது. மருத்துவச் சேர்க்கையோ 2017 முதல் நீட் தேர்வின் வழியே நடைபெறுகிறது. அதிலும் பள்ளி மொழிப்பாடத்திற்கு இடமில்லை. மாறாக, 2021-இல் வெளியான அரசாணையின்படி மாநில அரசுப் பணித் தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தாள் கட்டாயமாயிற்று. அதில் 40 விழுக்காடு பெறாதவர்க்கு வேலை வாய்ப்பு மூடிப்போகும். மொத்த மதிப்பெண்ணை நோக்கும் இடங்களும் சில உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் மகள் எந்தப் படிப்பை நாடுகிறாள், அதற்கு எந்த மதிப்பெண் கணக்கில் வரும் என்பதைக் கேட்டறியாமலே தமிழை விட்டுவிடுவது, விலை கேளாமல் நிலத்தை விற்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, அப்படி எடுக்கும் பிரெஞ்சு மொழியையேனும் பிள்ளை கற்கிறதா? அன்று பாடற்குழுவில் நின்ற இளைஞர் ஒருவரை அழைத்தோம். இரண்டாண்டுகளுக்கு முன் பிரெஞ்சில் நூற்றை ஒட்டிய மதிப்பெண் பெற்றவர் அவர். "தம்பி, இந்த அம்மாவுக்குப் பிரெஞ்சில் ஒரு வணக்கமும், உன் ஊரைப் பற்றி இரண்டு வாக்கியமும் சொல்" என்றோம். வணக்கம் வந்தது, வாக்கியம் வரவில்லை. "எல்லாம் மனப்பாடம் சாமி, பரீட்சையோடு போய்விட்டது" என்று வெட்கத்தோடு சிரித்தார். அவரைக் குறை கூறோம். மொழியைக் கற்கும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை, மதிப்பெண்ணைத்தான் கேட்டார்கள். தமிழையும் இரண்டாண்டு விட்டு, பிரெஞ்சையும் பெறாமல் அவர் வெளியே வந்ததுதான் நம்மை வருத்துகிறது.

அப்படியானால் அயல்மொழி வேண்டாம் என்கிறோமோ எனில், இல்லை. நம் மாவட்டத்து ஆவூரை நீங்கள் அறிவீர்கள். அங்குப் பணிபுரிந்தவர்களுள் ஒருவரான வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். ஏறத்தாழ முப்பது வயதில் இம்மண்ணை அடைந்து தமிழ் கற்றவர். தமக்கு அயல்மொழியான தமிழில் தேம்பாவணியைப் பாடினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியக் குருக்கள் தமிழ் பயிலும்பொருட்டு இலத்தீனிலேயே தமிழ் இலக்கணம் வரைந்தார். ஒரு மொழியை அடைவதற்காக மற்றொன்றை அவர் கைவிடவில்லை. இரு கரைக்கும் பாலமானார்.

தனிநாயகம் அடிகளாரின் வாழ்வும் இதனையே உணர்த்தும். 1913-இல் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்த அவர், ரோமையில் பயின்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்தார். பின்னர் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராயிருந்தபோது, தம் தாய்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லையென்று உணர்ந்து, மாணவராய் அமர்ந்து தமிழ் பயின்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து கற்றார். அதற்குப் பின்னரே அவரது அயல்மொழி அறிவு தமிழுக்குப் பயன் தந்தது. 1554-இல் லிஸ்பனில் உரோம எழுத்துகளில் அச்சான தமிழ் நூலைப் பற்றித் தமிழுலகிற்கு எடுத்துரைத்தார். 1679-இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அவரது முயற்சியால் 1966-இல் மறுபதிப்புக் கண்டது. அதே ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் அவரது உழைப்பாலேயே. போர்த்துக்கீசியம் மட்டும் அறிந்திருந்தால் அந்நூல்களின் அருமை அவருக்கு விளங்கியிராது. தமிழ் மட்டும் அறிந்திருந்தால் அவற்றை அவர் ஆராய்ந்திருக்க இயலாது.

நமது சிறிய அனுபவமும் ஒன்றுண்டு. குருமடத்தில் இலத்தீன் வகுப்பின் முதல் வாரத்தில் பலரும் திகைத்தோம். "மகன்" என்பதற்கு ஃபீலியுஸ். "மகனை" என்றால் ஃபீலியும். "மகனுக்கு" என்றால் ஃபீலியோ. சொல்லின் வால் ஏன் இப்படி மாறுகிறது என்று சிலர் கலங்கினர். பள்ளியில் தமிழாசிரியரிடம் வேற்றுமை உருபுகளைப் பிழையறக் கற்றிருந்த மாணவர்களோ, "இது நம் ஐ, கு தானே!" என்று எளிதில் பற்றிக்கொண்டனர். ஜெர்மன் மொழியிலும் நான்கு வேற்றுமைகள் உண்டு. இன்று நம் பெண்கள் பலர் செவிலியர் பணிக்காக அம்மொழியைப் பயில்கிறார்கள். தமிழ் இலக்கணம் தெளிந்த பெண்ணுக்கு அதன் முதற்படி அச்சமூட்டாது. தாய்மொழி வகுப்பில் செலவிட்ட நேரம் அயல்மொழிக்கு ஏணியாகிறது. ஏணியை விற்றுவிட்டு மாடியேற நினைப்பது அறிவுடைமையன்று.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளைக்கு அயல்மொழியில் ஆர்வமிருந்தால் தடுக்காதீர்கள். ஆனால் கற்பதற்கென்றே கற்கச் செய்யுங்கள். ஐரோப்பிய மொழித் திறனை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறுவதற்குப் பொதுவாக நான்காம் படியான பி2 கேட்கப்படுகிறது. அதற்குப் பல நூறு மணி நேரப் பயிற்சி வேண்டும். சென்னையில் ஜெர்மனுக்கு கோதே நிறுவனமும், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸும் இப்படிகளுக்குரிய வகுப்பும் தேர்வும் நடத்துகின்றன. பள்ளி மதிப்பெண் பட்டியலிலுள்ள எண்ணைப் பார்த்து எந்த மருத்துவமனையும் வேலை தராது. நோயாளியின் வலியைக் கேட்டு விடை சொல்லத் தெரிகிறதா என்றே பார்க்கும்.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தாய், "மார்க் குறைந்துவிட்டால் அவள் அப்பாவுக்கு யார் சாமி பதில் சொல்வது?" என்று கேட்டார். நியாயமான அச்சம். அயல்நாட்டு வெயிலில் ஈட்டிய பணம் அது. "முதலில் மகளைக் கேளுங்கள்" என்றோம். அதுவரை பேசாதிருந்தவள், "எனக்கு நர்சிங் படிக்கணும் சாமி. தமிழும் பிடிக்கும்" என்றாள். அன்றிரவே தந்தையாரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். தாய் பள்ளிக்குச் சென்று கேட்டபோது, தமிழ் எடுப்போர் சிலரே என்று முதலில் தயங்கியவர்கள் பின்னர் இசைந்தார்களாம். கேட்பதற்குத் தயங்கியிருந்தால் அதுவும் நடந்திராது.

காலாண்டுத் தேர்வில் அவளுக்குத் தமிழில் 89. தாயின் முகத்தில் சிறிது வாட்டம் இருந்தது உண்மை. மகளோ நம்மிடம் வந்து, பழைய இலத்தீன் இலக்கண நூல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். குருமடத்து நாள்களிலிருந்து நம்மோடு வரும், அட்டை கிழிந்த நூலை எடுத்துக் கொடுத்தோம். முதற்பக்கத்தைப் புரட்டியவள், "மகனுக்கு ஃபீலியுஸ் என்றீர்களே, மகளுக்கு என்ன சாமி?" என்றாள்.

"ஃபீலியா" என்றோம். வீடு போய்ச் சேரும் வரை அதைச் சொல்லிக்கொண்டே நடந்தாளென்று தாய் கூறினார்.