தீமிதியும் திமித்ரிஸும்

திமித்ரிஸ் சிகாலாட்டாஸ் என்று ஒரு பேராசிரியர். பெயரிலேயே தீமிதி இருக்கிறது, பாருங்கள்! கிரேக்க நாட்டுக்காரர். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் மானுடவியலும் உளவியலும் சேர்ந்த ஆசிரியர். நெஞ்சுத் துடிப்பை எண்ணும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பூக்குழிக் கரையில் போய் நிற்பவர்.

மதம், மூளை என்றாலே நமக்கு சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன்தான் நினைவுக்கு வருவார். வலிப்பு நோயாளிகள் இரண்டு பேரிடம், சாமி சம்பந்தப்பட்ட சொற்களைக் காட்டினால் தோல் எப்படி மாறுகிறது என்று 1990களில் அளந்தார். உடனே பத்திரிகைகள் 'மூளைக்குள் கடவுள்' என்று எழுதிவிட்டன. இரண்டு பேரை வைத்துக்கொண்டு கடவுளுக்கு விலாசம் எழுதுவதைவிட, திருவிழாக் கூட்டத்துக்குள் இறங்கி அளப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது.

ஸ்பெயினில் ஒரு சிற்றூர், சான் பெட்ரோ மன்ரிகே. அங்கேயும் ஜூன் மாதத்தில் பூ மிதிப்பார்கள், அதுவும் ஒரு ஆளை முதுகில் சுமந்துகொண்டு! 2011இல் வெளியான ஆய்வில், மிதித்தவருடைய நெஞ்சுத் துடிப்பும் வேடிக்கை பார்த்த சொந்தக்காரர்களின் துடிப்பும் ஒன்றுபோல் ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த அசலூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. மகன் குழியில் இறங்கும்போது தாய்க்கு நெஞ்சு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அடுத்து மொரீஷியஸ். நம்மவர்கள் பிழைக்கப் போன தீவு. அங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. 2013இல் வெளியான ஆய்வில், ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் விரும்பியதைக் கோயிலுக்குப் போடச் சொன்னார்கள். பஜனை பாடியவர்கள் சுமார் 80 ரூபாய் போட்டார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 130. கூடவே நடந்து வந்தவர்களோ 160!

2019இல் வந்த இன்னொரு ஆய்வைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். காவடி எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் இரண்டு மாதம் கருவி கட்டிக் கவனித்தார்கள். காவடியால் உடம்புக்கு நீடித்த கேடு எதுவும் தென்படவில்லை. அதிக அலகு குத்திக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தால், தீராத நோய்க்காரர்களும் கைப்பணம் குறைந்தவர்களும். திருவிழாவுக்குப் பிறகு மனது கூடுதலாகத் தேறியது, அதிகம் வலி தாங்கியவர்களுக்கு.

இதை எட்டயபுரத்தில் இரண்டு நண்பர்களிடம் சொன்னேன். பக்தர், "அறிவியலே ஒத்துக்கொண்டுவிட்டது, பார்த்தீரா" என்றார். கருப்புச் சட்டைக்காரர், "ஏழையும் நோயாளியும்தானே ஏமாறுகிறான்" என்றார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அம்மன் இருக்கிறாளா என்று அந்தக் கருவி கேட்கவேயில்லை. மனது தேறியது என்பது அந்த மக்களே சொன்னது. அதை ஏமாற்று என்று தள்ள நாம் யார்? ஆனால் மனது தேறுவது வேறு, நோய் தீருவது வேறு.

அதோடு, மொரீஷியஸில் கேடு இல்லை என்றால் நம்ம பூக்குழியிலும் இல்லை என்று ஆகாது. அங்கே அளந்தது காவடியை. நம்ம கரிசல் பக்கத்தில் இன்று குழி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவர்கள்! எங்கள் தெருவில் ஒரு அக்கா. பதினாறு வருஷமாகச் சர்க்கரை. காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம் என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பூ மிதித்தபோது சுடவே இல்லை, அம்மன் அருள் என்றார். கால் மரத்துப்போனவருக்குச் சுடாது. கொப்புளம் உடைந்து புண்ணானதே நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு விரலோடு போயிற்று.

அவரிடம் போய் நம்பிக்கை தப்பு என்று நான் பேசவில்லை, பேசவும் மாட்டேன். மகனுக்காக நேர்ந்துகொண்டது அது. நான் கேட்பது கோயில் கமிட்டிப் பெரியவர்களை. காப்புக் கட்டும் அன்றே ஒரு நர்ஸம்மாவை உட்காரவைத்து, சர்க்கரை பார்த்து, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நரம்பால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பூசாரியே பால்குடம் எடுத்துக் கொடுக்கட்டும். டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள், அவர் சொன்னால் கேட்பார்கள்.