கூரையில் ஒரு அன்ரனா: மாதக் காசு இல்லாத ரீ.வி. எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்துவிட்டு உங்கள் வீட்டுக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

இன்று யாழ்ப்பாணத்தில் ரீ.வி. என்றாலே டிஷ் என்றாகிவிட்டது. காசு கட்டினால் படம் வரும். கட்டத் தவறினால் நின்றுவிடும். மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நாட்கூலிக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் ஆகியோரின் வீடுகளில் அரிசியும் மின்கட்டணமும் போன பிறகுதான் ரீ.வி.க் காசு. ஆனால் நேத்ரா, வசந்தம், சக்தி, ரூபவாஹினி என்பன வானலையில் சும்மா வருபவை. அவற்றைப் பார்க்கவும் மாதாமாதம் காசு கட்ட வேண்டும் என்று எங்கள் சனம் நம்பத் தொடங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கை பிழை என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

முதலில் இந்த நிலை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கியது. அதன் பிரதான கோபுரம் நுவரெலியாவில், பிதுருதலாகல மலையில் இருக்கிறது. நாட்டிலேயே உயர்ந்த மலை அது, 2,524 மீற்றர். இருந்தும் அங்கிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். ரீ.வி. அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. அவ்வளவு தூரத்துக்கு அந்த மலையின் உயரமும் போதாது. ஆகவே வடக்குக்குத் தனிக் கோபுரம் வேண்டியிருந்தது. ஏ9 வீதியில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் இருந்த நிலையம் 1990 இல் போரில் அழிந்தது. அந்த இடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூன் 6 இல்தான் திறக்கப்பட்டது. இடையில் 21 வருடங்கள். ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

எண்பதுகளை நினைவிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நெடிய பைப்பில் அன்ரனா கட்டி, பூஸ்டர் போட்டு, இந்தியாவின் தூரதர்ஷனைப் பார்த்தவர்கள் அவர்கள். காற்று அடங்கிய வெக்கை நாட்களில் கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்குக்குள் அலை அகப்பட்டு வெகுதூரம் வரும். அடுத்த நாள் அதே அலைவரிசையில் வெறும் புள்ளிமழை. அன்ரனாவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அன்று தெருவுக்குத் தெரு தெரிந்திருந்தது. போரும் இடம்பெயர்வும் அந்த அறிவையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டன.

இப்போது பிள்ளைகளுக்குக் கணக்காகவே சொல்லிக் கொடுக்கலாம். கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். அலை எத்தனை கிலோமீற்றர் போகும் என்று அண்ணளவாகக் கிடைக்கும். கொக்காவிலுக்கு 54. உங்கள் அன்ரனாவுக்கும் அதே கணக்கைச் செய்து கூட்டுங்கள். 4 மீற்றர் உயரத்தில் அன்ரனா இருந்தால் மொத்தம் 63, 9 மீற்றரில் 67, 16 மீற்றரில் 71.

கொக்காவிலிலிருந்து யாழ். நகரம் நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீற்றர். விளங்குகிறதா? தகரக் கூரையின் விளிம்பில் கட்டிய அன்ரனாவுக்கும், அதற்கு மேலே ஒரு பைப் வைத்து உயர்த்திய அன்ரனாவுக்கும் இடையில்தான் படம் வருவதும் வராததும் இருக்கிறது. இது சமதரைக்கான கணக்கு. வடலியும் பனையும் மாடிவீடும் குறுக்கே நின்றால் இன்னும் குறையும். நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கம் தூரம் 80 ஐத் தாண்டுகிறது. அங்கே தனி ஒரு வீட்டின் முயற்சி போதாது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை.

திசை: யாழ். நகரிலிருந்து கொக்காவில் தென்கிழக்கே. போனில் உள்ள திசைகாட்டியே போதும். கிட்டடியில் வேறு அஞ்சல் கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசை என்றால், அயலில் நல்ல படம் வரும் வீட்டு அன்ரனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள்.

அன்ரனா: நீளக் கம்பி உள்ளவை வீ.எச்.எஃப். அலைக்கு, குட்டைக் கம்பி உள்ளவை யூ.எச்.எஃப். அலைக்கு. இரண்டும் சேர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

வயர்: பழைய தட்டை வயரை விட்டுவிட்டு 75 ஓம் வட்டக் கேபிள் போடுங்கள். இணைப்புகளை நன்றாக மூடிக் கட்டுங்கள். எங்கள் உப்புக் காற்று திறந்த செம்பை விட்டுவைக்காது.

பூஸ்டர்: பலர் இதை ரீ.வி.க்குப் பின்னால் வைக்கிறார்கள். இருக்க வேண்டிய இடம் மேலே, அன்ரனாவுக்குப் பக்கத்தில். கேபிளில் இறங்கிவந்து மெலிந்த அலையைக் கீழே வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கோபுரம் கிட்ட என்றால் பூஸ்டரே வேண்டாம்.

பாதுகாப்பு: பைப்புக்கு எர்த் வயர் கட்டாயம். இடி முழக்கக் காலத்தில் வயரை ரீ.வி.யிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்கம்பிக்குக் கிட்ட பைப்பை நிமிர்த்தவே கூடாது.

"எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இனி எதற்கு ரீ.வி.?" என்று கேட்பீர்கள். 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது என்ன நடந்தது? பாடம் வட்ஸ்அப்பில் போனது. வீட்டில் ஒரு போன், அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள். டேட்டா முடிந்தால் பாடமும் முடிந்தது. அதே காலத்தில் நேத்ராவில் தமிழில் பாடங்கள் ஒளிபரப்பாகின. டேட்டா தேவையில்லை, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளும் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்க்க, படம் தெளிவாக வர வேண்டுமே! கரும்பலகை எழுத்தே தெரியாத புள்ளிமழைக்குள் கணிதம் படிக்க முடியாது.

"ரீ.வி.யே பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று சொல்லும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கவலையை மதிக்கிறோம். ஆனால் நடு அறையில் எல்லாரும் பார்க்க ஓடும் ரீ.வி.யை ஒரு உம்மாவால் நிறுத்த முடியும். போர்வைக்குள் ஓடும் போனை யார் நிறுத்துவது?

இன்னொரு காரணமும் உண்டு. 2014 இல் அரசாங்கம் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி முறையைத் தெரிவுசெய்தது. பத்து வருடங்கள் தாண்டியும் அந்த மாற்றம் எங்கள் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. ஆனால் ஒருநாள் வரும். டிஜிட்டலில் புள்ளிமழை கிடையாது. அலை போதுமானால் கண்ணாடி போலப் படம், போதாவிட்டால் கறுப்புத் திரை. இன்று மங்கலாகவேனும் பார்க்கும் விளிம்பு வீடுகள் அன்று முழுதாக இழக்கும். கோபுரங்கள் எங்கே, அஞ்சல் நிலையங்கள் எங்கே என்று தீர்மானிக்கும்போது தீவகமும் வடமராட்சிக் கரையும் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். பேசாமல் இருந்தால் இருக்காது.

ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு சனசமூக நிலையமும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் தம் மண்டபத்தில் ஒரு உயரமான பைப், ஒரு நல்ல அன்ரனா, ஒரு ரீ.வி. வைக்கட்டும். பாடம் ஓடும் நேரத்தில் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கட்டும். புயல் எச்சரிக்கை நாட்களில் ஊரே அங்கே செய்தி பார்க்கலாம்.

இரண்டு: எங்கள் சோனகதெருப் பக்கம் இன்னும் கட்டி முடியாத வீடுகள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, வருடங்கள் கழித்துத் திரும்பியவர்களின் வீடுகள் அவை. அங்கே அன்ரனா கட்டிக்கொடுக்க, வளர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில் விஞ்ஞானம் படிக்கும் உயர்தர மாணவர்கள் போகலாம். பாடப் புத்தகத்தில் உள்ள அலையைக் கையால் பிடித்துப் பார்ப்பார்கள். நன்மையும் சேரும்.

மூன்று: தெருத் தெருவாக ஒரு பட்டியல் எடுப்போம். எந்த அலைவரிசை தெளிவு, எது மங்கல், எது இல்லை, அன்ரனா எத்தனை அடி என்று எழுதி, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்துக்கும் அனுப்புவோம். "எங்களுக்குப் படம் வருவதில்லை" என்ற முறைப்பாட்டைக் கோப்புக்குள் போட்டு மூடிவிடலாம். தெருப் பெயரோடும் அளவோடும் போகும் பட்டியலுக்கு ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும்.

வசதியுள்ளவர் டிஷ் வைத்திருக்கட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் தமிழில் ஒரு பாடம், ஒரு செய்தி, ஒரு எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும். அதற்கான அலை ஏற்கனவே எங்கள் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருக்கிறது. அதை இறக்கி எடுக்கும் பைப்பும் கம்பியும்தான் எங்கள் பங்கு.

மாரி மழை தொடங்குவதற்கு முன் முதல் பைப்பை நிமிர்த்துவோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் தெருப் பட்டியலை இன்றே எழுதத் தொடங்குங்கள்.

வஸ்ஸலாம்.