பிளாக்பர்ன்காரர்களுக்கு ஒரு நாற்காலி

2012 மே 7. இங்கிலாந்தின் ஈவுட் பார்க் மைதானத்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸும் விகன் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. கிளப் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை யாரோ புல்தரைக்குள் விட்டுவிட்டார்கள். அன்று 1-0 என்று தோற்ற பிளாக்பர்ன், பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. இன்றுவரை திரும்பி ஏறவில்லை.

ஏன் கோழி? கிளப்பின் முதலாளிகள் புனேயைச் சேர்ந்த வெங்கிஸ் கோழி நிறுவனத்தார். 2010 நவம்பரில் 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியிருந்தார்கள்.

1875-இல் பிறந்த கிளப் அது. 1888-இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 அணிகளில் ஒன்று. பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட ஊருக்கு மிஞ்சியிருந்த பெருமை. 1991-இல் அதைக் கையில் எடுத்த ஜாக் வாக்கர், இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த உள்ளூர்க்காரர். கென்னி டால்க்ளிஷை மேலாளராக்கினார். ஆலன் ஷியரரை அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலைக்கு வாங்கினார். 1995-இல் பிரீமியர் லீக் கோப்பை பிளாக்பர்னுக்கு வந்தது. வாக்கரும் பணத்தைக் கொட்டித்தான் ஜெயித்தார். குடியிருந்ததும் ஜெர்சி தீவில். ஆனாலும் அவரை அந்த ஊர் தன் பிள்ளையாகவே கொண்டாடியது, மைதானத்துக்கு வெளியே சிலை வைத்தது. அணியின் மேல் அவர் வைத்திருந்த பாசம் சிறுவயதுப் பாசம். யாரிடம் யோசனை கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெங்கிஸ் வந்த கையோடு, டிசம்பரிலேயே மேலாளர் சாம் அலர்டைஸை நீக்கினார்கள். அப்போது அணி 20-இல் 13-ஆம் இடத்தில் இருந்தது. பொறுப்பு, மேலாளராக முன் அனுபவமே இல்லாத ஸ்டீவ் கீனிடம் போனது. அணி இறங்கிய பிறகும் குழப்பம் ஓயவில்லை. ஹென்னிங் பெர்க் 57 நாள் மேலாளராக இருந்தார்; அவரை அனுப்பியதற்கு 22.5 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். 2017-இல் மூன்றாம் பிரிவுக்கே அணி சரிந்தது, ஓராண்டில் மீண்டது. முதலாளிகளை மைதானத்தில் பார்ப்பதே அரிது என்பது ரசிகர்களின் நெடுநாள் குறை.

அவர்கள் பணம் போடாமல் இல்லை. ஆண்டுதோறும் விழும் துண்டை அவர்கள்தான் அடைக்கிறார்கள். அது இல்லையென்றால் கிளப் எப்போதோ திவாலாகியிருக்கலாம். என்னைக் கவலைப்பட வைப்பதும் இதுதான். இந்தியாவில் அமலாக்கத்துறை விசாரணை வந்ததும், டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே பிளாக்பர்னுக்குப் பணம் அனுப்ப முடியும் என்ற நிலை வந்தது. அதே பருவத்தில், அந்த ஊரிலேயே பிறந்து கிளப்பின் அகாடமியில் வளர்ந்த ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். சில மாதங்களில் அந்தப் பையன் யூரோ கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் இருந்தான். ஒரே குடும்பத்தின் கஜானாவை நம்பி 150 வருடக் கிளப் நிற்பது சரியில்லை.

ஜெர்மனியில் ஓரிரு விலக்குகள் தவிர, கிளப்பில் பாதிக்கு மேல் வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். இங்கிலாந்து 2025-இல்தான் சட்டம் போட்டு, கால்பந்துக்கென ஒழுங்குமுறை ஆணையம் அமைத்திருக்கிறது. இனி ரசிகர்களைக் கேட்காமல் சட்டையின் நிறத்தையோ சின்னத்தையோ மாற்ற முடியாது. கார்டிஃப் அணியின் நீலச் சட்டையை மலேசிய முதலாளி வின்சென்ட் டான் சிவப்பாக்கியது 2012-இல். நீலம் திரும்பியது 2015-இல். சட்டம் நல்ல தொடக்கம்தான். ஆனால் கிளப்பை யாருக்கு விற்பது என்பதில் ரசிகருக்கு இன்னும் வாக்கு இல்லை.

வெங்கிஸை நடத்தும் குடும்பத்தாரின் தந்தை பி.வி. ராவ், 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகக் காரணமாக இருந்தவர். வியாபாரிகள் சொன்னதே விலை என்றிருந்த காலத்தில், தங்கள் முட்டைக்குத் தாங்களே விலை சொல்லும் பலத்தைப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்தது அந்த அமைப்பு. நாமக்கல்லில் கேட்டால் சொல்வார்கள். அந்தத் தந்தையின் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: கிளப்பின் இயக்குநர் குழுவில் பிளாக்பர்ன் ரசிகர்களுக்கு வாக்குரிமையுள்ள ஓர் இடம் கொடுங்கள். அதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.