பிரசவத் துணை

பிள்ளை பெறுவதை மறுபிறப்பென்று பேசுகிற நம் மக்கள், அந்த வேளையில் அவளைத் தனியே விட்டுவிட்டு, "பகவான் விட்ட வழி" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பது யோக்கியமாகுமா என்று கேட்கிறோம்.

முன்பு கிராமங்களில் நாவிதர் குலத்து மருத்துவச்சி இரவெல்லாம் கண்விழித்து, இடுப்பைப் பிடித்து, தைரியம் சொல்லிப் பிள்ளையை எடுத்தாள். எடுத்த கைக்குத் தீட்டென்று பெயரிட்டு, அவளை வாசலில் நிறுத்திக் கூலி கொடுத்தார்கள். பெயர் சூட்டித் தட்சணை வாங்க வந்த புரோகிதனுக்கோ மணை போட்டார்கள்!

இன்று பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, நல்லதே. ஆனால் துணை வெளியே நிற்கலாமா? தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் ஒரு பெண் துணையிருக்கும் திட்டம் 2004-லேயே ஏற்பட்டது. 26 ஆராய்ச்சிகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களை 2017-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், இடைவிடாத துணை பெற்றவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகமென்றும், அறுவை குறைவென்றும் தெரிந்தது. கர்ப்பிணி தானே விரும்பும் துணை வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனமும் 2018-ல் சொல்லிற்று. இதைத் தாயத்தும் மந்திரமுமா செய்தன? பக்கத்திலிருந்த மனிதரின் கையும் வார்த்தையுமே செய்தன.

ஆகையால் பெரம்பலூர், அரியலூர் தோழர்களே! நேர்த்திக்கடன் காசு முடிவதை விட்டு, துணைக்கு யார் வேண்டுமென்று மனைவியைக் கேளுங்கள். உள்ளே விடாவிட்டால் உரிமையோடு கேளுங்கள். புருஷனையே அவள் விரும்பினால், மறைப்புள்ள தனியிடம் அமைத்து அவனையும் விடவேண்டுமென்று சர்க்காரைக் கேட்கிறோம். பிள்ளைக்குத் தன் இனிஷியலைக் கொடுக்க முந்துகிறவன், அவள் வேதனைப்படும்போது கையைக் கொடுக்க ஏன் வெட்கப்படவேண்டும்?