வானத்தில் பட்டை பட்டையாக... மானிட்டர் வாங்கும்முன் கவனிங்க!

பெரிய முதலியார்சாவடி கடற்கரையில் விடியலைப் படமெடுத்தால், செம்மையிலிருந்து நீலத்துக்கு வானம் மெல்ல மாறுவது போனில் அழகாகத் தெரியும். அதே படம் விலை குறைந்த மானிட்டரில் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரியலாம். கேமராவைத் திட்ட வேண்டாம். விஷயம் 'கலர் டெப்த்'.

சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 6 பிட் திரை 64 படிகளில்தான் காட்டும். 8 பிட்டில் 256 படிகள். மூன்றும் கலந்தால் சுமார் 1.67 கோடி வண்ணங்கள். 10 பிட் என்றால் 1,024 படிகள், 107 கோடி வண்ணங்கள்!

சூட்சுமம் இங்கேதான். சில 6 பிட் திரைகள் இரண்டு சாயல்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, இடைப்பட்ட நிறமும் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கும். 'எஃப்.ஆர்.சி' எனும் இந்த வித்தை செய்யும் மானிட்டரின் பெட்டியிலும் 1.67 கோடி என்றே போட்டிருக்கலாம். மெயில் பார்க்க அது தாராளம். கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் என்று சம்பாதிக்க வாங்குபவர்கள், 'பேனல் அசல் 8 பிட்டா?' என்று கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள்.

10 பிட்டுக்கு அவசரமில்லை. சாதாரண ஜேபெக் படமே 8 பிட்தான். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படமென்றால் பட்டைகள் ஃபைலிலேயே இருக்கலாம். மானிட்டர்மீது பழி போடும்முன் ஒரிஜினலைத் திறந்து பாருங்கள்.